எலுமிச்சம்பழமும் ஆத்தங்குடிக் கல்லும்

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். நாலு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 20 ஈர்க்குச்சி, ஒரு கஜம் நூல், ஒரு கஜம் டேப், சின்னதாக ஒரு எலுமிச்சம்பழம். 18 நிமிஷத்துக்குள் மேஜைமேல் தானாக நிற்கிற கோபுரம் ஒன்று கட்ட வேண்டும். உச்சியில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருடைய பழம் அதிக உயரத்தில் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான் விதி.

எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவன் (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஆகிக்கொண்டேன்). முதல் 6 நிமிஷம் காகிதத்தில் படம் போட்டோம். அடுத்த 10 நிமிஷம் கட்டினோம். பார்ப்பதற்கு செல்போன் டவர் மாதிரி கம்பீரமாக இருந்தது. குழுவில் இருந்த தோழி ஒருத்தி மட்டும், "ஒரு தடவை பழத்தை வச்சுப் பாத்துருவோமா?" என்று இரண்டு முறை கேட்டாள். "இப்ப வச்சா ஆடும், கடைசில வச்சுக்கலாம்" என்று நான் சொல்லிவிட்டேன். 17-வது நிமிஷம் பழத்தை வைத்தோம். கோபுரம் இடுப்பு ஒடிந்த மாதிரி மடங்கி விழுந்தது. பழம் உருண்டு அடுத்த குழுவின் மேஜைக்கு அடியில் போய்விட்டது.

இந்த விளையாட்டு வெளிநாட்டில் பிறந்தது. பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் ஆரம்பித்து வைத்தார். டாம் வூஜெக் என்பவர் அதைப் பல நாடுகளில் நடத்திப் பார்த்து 2010-இல் டெட் மேடையில் பேசினார். அங்கே ஈர்க்குச்சிக்குப் பதில் ஸ்பகெட்டி, எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய். வூஜெக் சொன்ன விஷயம்தான் வேடிக்கை. வணிக மேலாண்மைப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்களைவிட, பாலர் வகுப்பிலிருந்து வெளியே வந்த குழந்தைகள் உயரமாகக் கட்டினார்களாம். பெரியவர்கள் யார் தலைவர் என்பதில் கொஞ்ச நேரம், படம் போடுவதில் கொஞ்ச நேரம் என்று செலவழித்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் மிட்டாயை வைக்கிறார்கள். குழந்தைகள் முதலிலேயே மிட்டாயை வைத்துப் பார்க்கிறார்கள், விழுகிறது, மறுபடி கட்டுகிறார்கள். எங்கள் குழுவில் குழந்தை புத்தியோடு இருந்தது ஒருத்திதான். அவளை நான் பேச விடவில்லை.

போட்டியில் கற்றது என்ன என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். அந்தத் தோழிதான், "எங்க மாமா ஆத்தங்குடில கல்லுப் பட்டறைல வேலை பாக்குறாரு. வந்து பாரு, அங்க எப்படி வேலை நடக்குதுன்னு" என்றாள். போனேன். அதனால் இந்தக் கட்டுரை மேலாண்மைப் புத்தகத்தில் தொடங்காமல் ஒரு கொட்டகையில் தொடங்குகிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்குப் பக்கம். நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கும் இளையாத்தங்குடி வேறு, இந்த ஆத்தங்குடி வேறு. பெயர்க் குழப்பத்தில் பஸ் மாறி ஏறிவிடாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் என்பது தரையில் பதிக்கிற டைல்ஸ்தான். ஆனால் சூளையில் சுடுவது கிடையாது. ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடுகளை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமெண்டும் சாயப்பொடியும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பச்சை, இப்படி. ஊற்றியவுடன் அச்சை நேராக மேலே தூக்கிவிட வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அது குழம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் அழுத்தி மட்டமாக்கி, காய வைக்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் ஏறியிருக்கும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய சிமெண்ட் டைல்ஸும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஆனால் அங்கே அழுத்துவதற்கு எந்திரம் உண்டு. இங்கே கையும் கண்ணாடியும்தான்.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க விட்டது ஒரு விஷயம். கல்லின் முகம் கீழே இருக்கிறது. செய்கிறவர் பார்ப்பது முதுகை மட்டும். பூ சரியாக வந்ததா இல்லையா என்று பல நாள் கழித்துத்தான் தெரியும்! நம் விளையாட்டில் பழத்தை வைத்துப் பார்த்துத் திருத்தலாம். இங்கே வைத்துப் பார்க்கவே வழியில்லை.

"அப்ப தப்பு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"தப்பு வராம செய்வோம், தம்பி" என்றார் தோழியின் மாமா. கொஞ்சம் கழித்து, "வந்தா ஒடச்சு அந்தா அங்கன போட்டுருவோம்" என்று மூலையைக் காட்டினார். மூலையில் இருந்த குவியல் சின்னதுதான்.

எப்படிச் சின்னதாக இருக்கிறது? கொஞ்ச நேரம் பார்த்தபோது புரிந்தது. குழம்பு கலக்குபவர் ஒருவர். அவர் கலக்கும் பதம் மாறினால் எல்லாம் கெட்டுவிடும், அதனால் அவர் வேறு எதையும் தொடுவதில்லை. ஊற்றுபவர் எந்த வண்ணத்துக்குப் பிறகு எந்த வண்ணம் என்பதை மாற்றுவதே இல்லை. சட்டத்தைத் தூக்கி வைப்பவர், தொட்டியில் இறக்குபவர் என்று வேலை நகர்கிறது. யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதாக என் காதில் விழவில்லை. யோசிக்க வேண்டியதில் பாதியை அச்சே யோசித்துவிட்டது. அந்த அச்சைச் செய்தவர் என்றைக்கோ போட்ட திட்டம்தான் இன்றும் ஒவ்வொரு கல்லிலும் விழுகிறது. நாங்கள் 6 நிமிஷம் காகிதத்தில் போட்ட படத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

(ஒரு சின்ன விஷயம். ஆத்தங்குடிக் கல் ஆயிரம் வருஷப் பழமை என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்க முடியாது. இது சிமெண்ட் கல். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-இல். இந்தியாவில் போர்பந்தர் ஆலையில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது 1914-இல். ஆக இது செட்டிநாட்டுப் பெரிய வீடுகளோடு வளர்ந்த தொழில். அதனால் அதன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.)

இனி அந்த வீடுகளுக்கு வருவோம். இந்தக் கற்கள் போய்ச் சேர்ந்த இடம் அதுதானே.

சுமார் 1850-இலிருந்து 1940-கள் வரைக்கும் செட்டிநாட்டு ஊர்களில் ஆயிரக்கணக்கில் பெரிய வீடுகள் எழுந்தன. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போய் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த காலம். பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், போட்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் 1929-30-இல் அங்கே அமைந்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அன்றைய 75 கோடி! அந்தப் பணத்தில்தான் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இந்த வறண்ட பூமிக்கு வந்தன. இரயில் இந்தப் பக்கம் வந்ததே 1930-ஐ ஒட்டித்தான். அதற்கு முன்னால் கட்டிய வீடுகளுக்குத் தூண் முதற்கொண்டு எல்லாம் மாட்டு வண்டிதான் இழுத்திருக்கிறது.

ஆனால் நான் ஆச்சரியப்பட்டது பணத்தை நினைத்து அல்ல. கட்டுகிற முதலாளி ஊரிலேயே இல்லை! கடல் தாண்டிய கடைகளில் வேலைக்குப் போனவர்களுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. போனால் அதற்கப்புறம்தான் திரும்புவார்கள். கேட்பதற்குப் போன் கிடையாது. கப்பலில் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் சுவர் ஒரு ஆள் உயரம் எழும்பிவிடும். ஊரில் குடும்பத்தை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். வேலையை நடத்தியவர்கள் ஸ்தபதி, கொத்தனார், தச்சு ஆசாரி, கணக்குப்பிள்ளை. முதலாளி பக்கத்தில் நிற்காமல் இவ்வளவு பேர் எப்படி ஒரே வீட்டைக் கட்டினார்கள்?

ஆத்தங்குடி அச்சு மாதிரியே இதற்கும் ஒரு அச்சு இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை, வானம் தெரிகிற வளவு, அதைச் சுற்றி அறைகள், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டில் சமையல், அதற்குப் பின்னால் பின்வாசல். எல்லாம் ஒரே நேர்கோட்டில். முன்வாசலில் நின்றால் வாசலுக்குள் வாசலாகப் பின் தெருவே தெரியும். வீட்டின் அளவு மாறலாம், தூண் மாறலாம், மேலே கஜலட்சுமிக்குப் பக்கத்தில் விக்டோரியா மகாராணிகூட இருக்கலாம். வரிசை மாறாது. ஒரு கொத்தனார் ஒரு வீட்டில் கற்றதை அடுத்த வீட்டுக்கு அப்படியே எடுத்துப் போகலாம். சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. மிச்ச நேரம் முழுக்க வேலைக்கு.

அந்த வேலையிலும் பொறுமை வேண்டும். சுவர்ப் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை நீற்றி, ஊற வைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம் சேர்த்து, பல தடவை பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கை வைத்தால் இன்றும் கண்ணாடி போலச் சில்லென்று இருக்கும். முட்டை என்றவுடன் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அந்த ஊற வைக்கிற நேரம்தான் பெரிசாகத் தெரிகிறது. இன்றைக்குப் பூச வேண்டிய சுண்ணாம்பை எப்போதோ நீற்றியிருக்க வேண்டும். அதாவது யாரோ ஒருவர் நாளைக் கணக்குப் போட்டுப் பின்னோக்கி யோசித்திருக்கிறார். தண்ணீரையும் அப்படித்தான் யோசித்தார்கள். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவுக்குள் வந்து அண்டாக்களில் நிறையும். மீதி கிணற்றுக்கும் ஊரணிக்கும் போகும்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. வாசல் நிலைக்கு மேலே வீட்டுக்காரர்களின் விலாசம், அதாவது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்த முதலெழுத்துகள், அழகாகப் பொறித்திருக்கும். வீட்டைக் கட்டிய ஸ்தபதியின் பெயரோ, அந்தக் கதவைச் செதுக்கிய ஆசாரியின் பெயரோ நான் போன வீடுகளில் கண்ணில் படவில்லை. கரும்பலகையில் எங்கள் குழுவுக்கு என் பெயரை மட்டும் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. தோற்ற குழுவுக்கே அப்படி.

சரி, இவ்வளவு திட்டம் போட்டுக் கட்டிய வீடுகள் இன்று எப்படி இருக்கின்றன? நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு என்றால் திறப்பார்கள். சில வீடுகளில் கூரை இறங்கிவிட்டது. பிரித்து விற்ற வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. விடுதிகளாக மாறிய சில வீடுகள் நன்றாக இருக்கின்றன. 2014-இல் இந்தியா யுனெஸ்கோவுக்குக் கொடுத்த தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களும் இடம்பெற்றன. பட்டியலால் ஓடு மாற்ற முடியாது.

காரணம் கேட்டால் எல்லோரும் பர்மா என்பார்கள். உண்மைதான். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆனது. நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். அவன் கண்ணீரும் இந்தத் தேக்குத் தூண்களில் இருக்கிறது. பிறகு 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது, பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டை 1941-இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பரில்தான் ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு 17-வது நிமிஷம் ஞாபகம் வருகிறது.

ஆனால் பர்மா மட்டும் காரணமாக இருக்க முடியுமா? பர்மா போன பிறகும் நகரத்தார் குடும்பங்கள் இங்கே ஆலை, வங்கி, கல்லூரி என்று எத்தனையோ நடத்தின. பணம் மொத்தமாக வற்றிவிடவில்லை. வீட்டின் திட்டத்திலேயே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது என்பது என் எண்ணம்.

வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் கல்யாணமான மகன்களுக்கு. ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. அதாவது ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனிக் கணக்கு. இது அருமையான ஏற்பாடு. சேர்ந்தும் இருக்கலாம், யார் செலவு யாருடையது என்ற சண்டையும் இல்லை. பெரியவர் உயிரோடு இருக்கும்வரை கூரையை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்குப் பிறகு கூரை யாருடைய கணக்கு?

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1910-இல் ஒருவர் வீடு கட்டுகிறார். தலைமுறைக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் 3 பங்கு, அதற்கடுத்து 9, பிறகு 27, நான்காவது தலைமுறையில் 81. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒரு ஓடு உடைந்தால் 81 பேருக்குச் சேர்த்து உடைகிறது. அதனால் யாருக்கும் உடையவில்லை. விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. அறைகளைப் பெருக்கத் திட்டம் போட்டார்கள், கையெழுத்துகள் பெருகுவதற்குத் திட்டம் போடவில்லை.

இதே மக்களுக்குச் சேர்ந்து பராமரிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. இவர்களுடைய ஒன்பது கோயில்களைப் பாருங்கள். பிள்ளையார்பட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. கல்யாணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் வரி உண்டு, பெயரே புள்ளி வரிதான். தலைமுறை பெருகப் பெருகப் புள்ளி பெருகும், புள்ளி பெருகப் பெருக வரி பெருகும். கோயிலுக்கு 81 பேர் என்பது பலம். அதே 81 பேர் வீட்டுக்குப் பாரம். வீட்டுக்கும் ஒரு புள்ளி வரி போட்டிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. போட்டவர்களும் இருக்கலாம். நன்றாக நிற்கிற வீடுகளில் அப்படி ஏதாவது பொது ஏற்பாடு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மாமா ஓரத்துக் கல் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கோடும் மஞ்சள் கொடியுமாக ஒரு பழைய மாதிரி. எங்கேயோ ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் பெயர்ந்துபோன கற்களுக்கு மாற்று. உடைந்த கல் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், அது பக்கத்தில் கிடந்தது.

"இந்த அச்சு உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பழைய அச்சுதான், மேல போட்டு வச்சிருந்தேன். எடுத்துத் தொடச்சாச்சு."

"எத்தனை நாள் ஆகும் மாமா?" என்றாள் தோழி.

"நம்மகிட்ட இருபது நாள். ஆனா அந்த வீட்டுப் பங்காளிக எல்லாம் சரின்னு சொல்றதுக்கு மூணு வருசம் ஆச்சாம். ஒருத்தர் மட்டும் இன்னும் பதில் போடலையாம். பரவால்ல, நீங்க போடுங்கன்னு சொல்லிட்டாக."

மொத்தம் 64 கல். அவர் போட்டு முடித்திருந்தது 11. தோழி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். எல்லாம் முகம் கீழே கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன.